மூழ்குவோர் தங்கும் படகு



ஆழமறியாமல் காலை விடாதே என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. ஆற்றைக் கடப்பவனை எண்ணிச் சொன்ன அறிவுரை அது. இக்காலத்திலோ ஆழத்தைக் காணவேண்டும் என்றே கடலுள் இறங்குவோர் உலகெங்கும் பெருகியிருக்கின்றனர். தாம் இறங்கும் ஆழத்தை அவர்கள் கருவிகொண்டு அளந்து அறிகின்றனர். தம்மைச் சுமந்து செல்லும் படகின் தன்மையையும் அவ்வாறே அளந்து அறிகின்றனரா? இந்த வினாவைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விழைகின்றேன்.

கடலுள் மூழ்குதல் நமக்குப் புதுமையன்று. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தோர், அடக்கிய ஒரே மூச்சில் கடலடிக்குச் சென்று சிப்பிகளை வாரிக்கொண்டு மீண்டனர். மூச்சு நிற்கும் நேரமே அவர்களுக்குக் கடல் அளித்த நேரம். இந்த எல்லை 1943ஆம் ஆண்டில் விரிந்தது. பிரெஞ்சுக் கடற்படையைச் சேர்ந்த ழாக் கூஸ்தோ என்பவரும், எமில் காஞான் என்னும் பொறியியலாளரும் சேர்ந்து ஒரு வால்வை அமைத்தனர். சிலிண்டரில் அழுத்தி அடைத்த காற்றை, மூழ்குபவன் மூச்சை இழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமாக அது அவனுக்கு அளித்தது. இதிலிருந்து வளர்ந்ததே இன்று ஸ்கூபா எனப்படும் முறை. முதுகில் சிலிண்டரைச் சுமந்து, மேலிருந்து குழாயோ கயிறோ இல்லாமல், மீனைப் போலத் தன் விருப்பப்படி நீந்தும் உரிமை மனிதனுக்குக் கிட்டியது.

காணத்தக்க பவளத்திட்டுகள் யாவும் கரையோரத்தில் இருப்பதில்லை. செங்கடலை எடுத்துக்கொள்வோம். எகிப்து நாட்டின் கரையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், நடுக்கடலில், சகோதரர் தீவுகள் எனப்படும் இரு சிறு பாறைத் தீவுகள் உள்ளன. கலங்கரை விளக்கமும் அதன் காவலரும் தவிர அங்கு வேறு குடியிருப்பு இல்லை. அத்தீவுகளின் விளிம்பில் பவளச்சுவர் செங்குத்தாக ஆழத்துள் இறங்குகின்றது. வடக்கே ராஸ் முகம்மது முனைக்கு அப்பால், 1941 அக்டோபரில் ஜெர்மன் விமானங்களின் குண்டுக்கு இரையான திசில்கோர்ம் என்னும் பிரித்தானியச் சரக்குக் கப்பல், தான் ஏற்றிவந்த லாரிகளோடும் மோட்டார் சைக்கிள்களோடும் 30 மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றது. இத்தகைய இடங்களைப் பலமுறை காண வேண்டுமெனில், நாள்தோறும் கரைக்கு மீள்வது பொருந்தாது. ஆதலின் கடலிலேயே உண்டு, உறங்கி, விழித்து, மூழ்கும் வழக்கம் தோன்றியது. கூஸ்தோவே கண்ணிவாரிக் கப்பலாய் இருந்த காலிப்சோ என்னும் மரக்கலத்தைத் திருத்தியமைத்து, 1951இன் இறுதியில் செங்கடலுக்குத்தான் தம் முதற்பெரும் ஆராய்ச்சிப் பயணத்தை மேற்கொண்டார். இன்று விடுமுறைப் பயணிகளுக்காக ஓடும் இத்தகைய கலங்களை லிவ்அபோர்டு என்பர். நாம் தங்குபடகு என்று சொல்வோம்.

அப்படகில் ஒரு நாள் எவ்வாறு கழியும்? கதிரவன் எழுமுன்னரே மணி ஒலிக்கும். முதல் மூழ்கல் முடிந்த பின் காலை உணவு. நண்பகலுக்கு முன் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை, விரும்புவோர்க்கு இரவில் விளக்கேந்தி ஒருமுறை. ஏழுநாள் பயணத்தில் இவ்வாறு இருபது முறை வரை மூழ்கலாம். இடையிடையே உணவும் உறக்கமும் உரையாடலும். கரையில் தங்குபவன் பல வாரங்களில் பெறக்கூடியதைப் படகில் தங்குபவன் ஒரே வாரத்தில் பெற்றுவிடுகின்றான்.

இப்படகு எத்தனை தொழில்களைத் தன்னுள் அடக்கியிருக்கின்றது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். அது உறங்கும் விடுதி, சமையற்கூடம், சிலிண்டர்களில் காற்றை அடைக்கும் சிறு தொழிற்சாலை, மின்நிலையம், அவசரம் நேர்ந்தால் மருத்துவமனையும் அதுவே. ஊரிலுள்ள விடுதியில் தீப்பிடித்தால் தெருவுக்கு ஓடலாம். அண்டை வீட்டார் குடத்தோடு வருவர். தீயணைப்பு வண்டி வரும். கடலில் தெருவும் இல்லை, அண்டை வீடும் இல்லை. ஆகவே படகைத் தேர்வது, ஒரு வாரத்துக்கு நம் ஊரையே தேர்வதற்கு ஒப்பாகும். விளம்பரத் தாளில் காணும் மெத்தையும், குளிர்சாதன அறையும், மேசைமேல் அடுக்கிய பழங்களும் அந்த ஊரின் பெருமையை முழுதும் சொல்லிவிடா.

முதலில் உங்களையே அளந்துகொள்ளுங்கள். ஸ்கூபாப் பயிற்சியின் முதற்படியை முடித்தவர் 18 மீட்டர் வரையும், அடுத்த படியை முடித்தவர் 30 மீட்டர் வரையும் இறங்கப் பயிற்றப்படுகின்றனர். பொழுதுபோக்குக்காக மூழ்குவோர்க்கு 40 மீட்டரே கடைசி எல்லை. சகோதரர் தீவுகள் போன்ற இடங்களில் நீரோட்டம் வலிது. கால் ஊன்றத் தரையும் இல்லை. அங்குச் செல்வோர் குறைந்தது 50 முறை மூழ்கியதாகத் தம் பதிவேட்டில் காட்டவேண்டும் என்பது செங்கடலில் வழங்கும் விதி. ஆகவே ஒரு படகு எங்கே போகின்றது என்பதை முதலிற் கேளுங்கள். உங்கள் பதிவேட்டைப் பார்க்காமலே, பணத்தை மட்டும் பார்த்து உங்களை ஏற்கும் படகு, உங்களைப் போன்றே பிறரையும் ஏற்றிக்கொண்டிருக்கும். தேர்ச்சியற்ற கூட்டத்துக்கு நடுவில் தேர்ச்சி பெற்றவனுக்கும் இடர் உண்டு.

பருவத்தையும் பார்க்கவேண்டும். நமக்கு அருகிலுள்ள மாலத்தீவுகளில், வடகிழக்குப் பருவக்காற்று வீசும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் பெரிதும் அமைதியாய் இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றில் மழையும் அலையும் மிகும். ஒரே படகு, ஒரே கட்டணம். மாதம் மாறினால் பயணமும் மாறிவிடும்.

அடுத்து, நாம் சுவாசிக்கும் காற்றைப் பற்றிச் சிறிது பௌதிகம் பேசவேண்டும். கடல் மட்டத்தில் நம்மீது ஒரு வளிமண்டல அழுத்தம் உள்ளது. நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்குந்தோறும் இன்னொன்று கூடுகின்றது. 30 மீட்டரில் நான்கு மடங்கு அழுத்தம். அவ்வழுத்தத்தில் சுவாசிக்கும்போது, காற்றிலுள்ள நைட்ரஜன் மிகுதியாக இரத்தத்திலும் தசையிலும் கரைந்து தங்குகின்றது. கோலி சோடாவின் குண்டை அழுத்தியவுடன் நுரை பொங்குவதைக் கண்டிருக்கின்றீர்கள் அன்றோ? அழுத்தம் திடீரெனக் குறைந்ததால், கரைந்திருந்த வாயு குமிழாகின்றது. மூழ்கியவன் விரைந்து மேலேறினால் அவன் உடலுள்ளும் இதுவே நிகழும். மூட்டுகளில் கடுநோவும், சில வேளை கைகால் முடக்கமும், உயிரிழப்பும் கூட நேரலாம். மெல்ல மேலேறினால் நைட்ரஜன் நுரையீரல் வழியே ஊறின்றி வெளியேறிவிடும்.

நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை மூழ்குபவன் உடலில், முந்தைய மூழ்கலின் நைட்ரஜன் முற்றும் நீங்குமுன் அடுத்ததும் வந்து சேர்கின்றது. தங்குபடகின் தனிச் சிக்கல் இது. இதன் பொருட்டே பல படகுகளில் நைட்ராக்ஸ் என்னும் கலவை வாயுவை அளிக்கின்றனர். சாதாரணக் காற்றில் நூற்றுக்கு 21 பங்கான பிராணவாயுவை 32 ஆக்கினால், நைட்ரஜன் அந்த அளவுக்குக் குறையும். ஆயினும் இதற்கும் எல்லையுண்டு. அக்கலவையோடு ஏறத்தாழ 33 மீட்டருக்குக் கீழே இறங்கினால் பிராணவாயுவே நஞ்சாகி வலிப்பை உண்டாக்கக்கூடும். எனவே ஒவ்வொருவரும் தம் சிலிண்டரில் உள்ள கலவையைத் தாமே கருவிகொண்டு சோதித்து எழுதிக் கையொப்பமிட வேண்டும். நல்ல படகில் அக்கருவியும் அந்த ஏடும் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கப்பட்டிருக்கும்.

விமானத்தில் ஏறினாலும் அழுத்தம் குறைகின்றது. பல நாள் தொடர்ந்து மூழ்கியவர், கடைசி மூழ்கலுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானத்தில் பறக்கலாம் என்பது மருத்துவ வல்லுநர் வகுத்த நெறி. ஒரு முழுநாள் காத்திருப்பது இன்னும் நன்று. ஒரு படகின் கால அட்டவணையைக் கையில் எடுத்தவுடன் கடைசி நாளைப் பாருங்கள். அன்றும் மூழ்கலாம், அன்றிரவே விமானம் ஏறலாம் என்று அதில் எழுதியிருந்தால், அதை வகுத்தவர் இன்னும் எதையெல்லாம் கவனியாது விட்டிருப்பார் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

ஒருவர் நோயுற்றால் முதல் மருந்து தூய பிராணவாயு. படகில் அது எவ்வளவு உள்ளது? இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்ப்போம். மணிக்கு 10 கடல்மைல், அதாவது 18½ கிலோமீட்டர் செல்லும் படகு, 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கரையை அடைய மூன்றேகால் மணி நேரம் ஆகும். நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் ஒருவர்க்கு அளித்தால், கரை சேரும் வரை ஏறத்தாழ 3,000 லிட்டர் வேண்டும். இருவர் நோயுற்றால் 6,000. பிராணவாயு இருக்கின்றதா என்று கேட்டால், இருக்கின்றது என்றே எல்லோரும் விடை சொல்வர். எத்தனை லிட்டர், எத்தனை மணி நேரத்துக்கு என்று கேட்கவேண்டும்.

இனி, இப்பேச்சில் நான் முதன்மையாகச் சொல்ல எண்ணிய செய்திக்கு வருகின்றேன். பள்ளிக்கூடம் நடத்தியவன் ஆதலின், எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அதன் வாயில்களை எண்ணும் பழக்கம் எனக்கு உண்டு. அதற்குரிய காரணத்தை ஒரு படகின் வரலாறு விளக்கும்.

அமெரிக்காவில் கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் சாண்டா குரூஸ் என்னும் தீவு உள்ளது. 2019 செப்டம்பர் 2ஆம் நாள் வைகறையில், அத்தீவருகே கன்செப்ஷன் என்னும் தங்குபடகு நங்கூரமிட்டு நின்றது. 75 அடி நீளமுள்ள மரக்கலம். பயணிகள் 33 பேர், படகினர் 6 பேர். பயணிகளும் படகினருள் ஒருவரும் அடித்தளத்திலிருந்த பொது உறக்க அறையில் அடுக்குப் படுக்கைகளில் உறங்கினர். ஏனைய ஐவர் மேல்தளத்தில் உறங்கினர். விடியற்காலை மூன்று மணிக்குப் பின், இவ்விரண்டுக்கும் இடையிலிருந்த கூடத்தில் தீ மூண்டிருந்தது. மேலே உறங்கியோர் ஓசை கேட்டு விழித்தபோது, கீழே செல்லும் வழி முழுதும் நெருப்பாய் இருந்தது. அவர்கள் கடலில் குதித்து உயிர் பிழைத்தனர். கீழே இருந்த 34 பேரும் மாண்டனர்.

அந்த உறக்க அறைக்கு வாயில் இல்லாமற் போகவில்லை. இரண்டு வழிகள் இருந்தன. முன்புறம் ஒரு படிக்கட்டு. பின்புறம் மேற்படுக்கைக்கு மேலே, அவசரத்துக்கென ஒரு திறப்பு. சட்டம் இரண்டு வழி வேண்டும் என்றது. இரண்டு வழியும் இருந்தன. அதிகாரிகள் சோதித்துச் சான்றிதழும் அளித்திருந்தனர். ஆனால் படிக்கட்டும் திறப்பும் ஒரே கூடத்தில்தான் சென்று முடிந்தன. தீப்பற்றியது அந்தக் கூடமே. இரண்டு வாயில்கள் ஒரே அறையில் திறக்குமாயின், தீயின் முன் அவை ஒரு வாயிலே. அந்த அறை எரியும்போது அந்த ஒன்றும் இல்லை. எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர்க்கு இரண்டு தெரிந்தது. நடந்து பார்த்திருந்தால் ஒன்றே தெரிந்திருக்கும்.

அமெரிக்க நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2020இல் தன் ஆய்வின் முடிவை வெளியிட்டது. தீ எதனால் தோன்றியது என்பதை உறுதியாகக் கூற இயலவில்லை. கூடத்தில் மின்கலங்களும் விளக்குகளும் புகைப்படக் கருவிகளும் மின்னேற்றத்துக்காக வைக்கப்பட்டிருந்தன. ஆனால் தீ பேரழிவாய் வளர்ந்தது எதனால் என்பதை வாரியம் தெளிவாகவே சொல்லிற்று. அன்றிரவு யாரும் விழித்துக் காவல் செய்யவில்லை. பயணிகள் உறங்கும்போது ஒருவர் விழித்திருந்து சுற்றிவர வேண்டும் என்பது அப்படகின் சான்றிதழிலேயே எழுதப்பட்ட கட்டளை. தீ தோன்றிய கூடத்தில் புகை உணர்கருவி இல்லை. அக்காலச் சட்டம் அதைக் கேட்கவுமில்லை. 2021 டிசம்பரில் அந்நாட்டின் கடலோரக் காவற்படை புதிய விதிகளை வெளியிட்டது. புகை உணர்கருவிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருத்தல், தடையின்றித் தப்பும் வழிகள், இரவுக் காவல் நடக்கின்றதா என்று மேற்பார்த்தல் ஆகியன அவற்றுள் அடங்கும். படகின் தலைவர் கடமை தவறியவர் என்று 2023இல் நீதிமன்றத்தில் தீர்ப்பாகி, 2024இல் நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். சட்டம் பின்னால் வந்தது; அந்த 34 பேர் முன்னால் போய்விட்டனர்.

இது ஒரு நாட்டில் ஒருமுறை நிகழ்ந்த கேடு என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. 2023 ஜூன் 11ஆம் நாள், எகிப்தின் மர்சா ஆலம் நகருக்கு அப்பால், ஹரிக்கேன் என்னும் தங்குபடகு தீப்பற்றி எரிந்தது. பிரித்தானியப் பயணிகள் மூவர் உயிரிழந்தனர்.

தீயை அடுத்து நாம் ஆராய வேண்டுவது கவிழ்தல். ஒரு வெற்றுத் தகர டப்பாவை மூடி, தொட்டித் தண்ணீரில் நிமிர்த்தி விடுங்கள். அது சாய்ந்து படுத்துவிடும். அடியில் சிறிது மணலிட்டு மூடிவிடுங்கள், நிமிர்ந்து நிற்கும். தட்டினாலும் ஆடி ஆடி மீண்டும் நிமிரும். அதே மணலைச் சிறு பையிற் கட்டி மூடியின் மேல் வையுங்கள். ஒரு விரல் பட்டாற் போதும், சாய்ந்துவிடும். எடை ஒன்றே, இருக்கும் இடம்தான் வேறு. படகு ஒருபுறம் சாயும்போது, அமிழ்ந்த பக்கத்து நீர் அதை மேல்நோக்கித் தள்ளி நிமிர்த்த முயல்கின்றது. படகின் எடை தாழ்ந்த இடத்தில் இருந்தால் அம்முயற்சி வெல்லும். எடை உயர்ந்த இடத்தில் இருந்தால் அது வலுவிழக்கும். ஓர் அளவுக்குமேல் சாய்ந்துவிட்டால் எடையே படகைக் கவிழ்க்கும் விசையாகிவிடும்.

இப்போது ஒரு தங்குபடகின் படத்தைப் பாருங்கள். வெயில் காய ஒரு தளம், அதன்மேல் விருந்துக்கு ஒரு தளம், அதன்மேல் வெந்நீர்த் தொட்டி. பயணிகளின் கண்ணைக் கவர்பவை இவை. கடலின் கணக்கிலோ, மூடியின் மேல் வைத்த மணற்பைகள் இவை. பழைய படகை நீட்டியும் உயர்த்தியும் புதிய அறைகளைச் சேர்த்திருப்பின், அதன் நிமிர்திறனை மீண்டும் கணக்கிட்டுச் சோதித்தனரா என்று கேட்கவேண்டும். 2023 ஏப்ரலில் செங்கடலில் கார்ல்டன் குவீன் என்னும் படகு கவிழ்ந்தது. நல்வினையாக அனைவரும் பிழைத்தனர். 2024 நவம்பர் 25ஆம் நாள் அதிகாலையில் சீ ஸ்டோரி என்னும் படகு, 31 பயணிகளோடும் படகினர் 13 பேரோடும் மர்சா ஆலத்துக்குத் தெற்கே கவிழ்ந்தது. 33 பேர் மீட்கப்பட்டனர். அவர்களுள் சிலர், கவிழ்ந்த படகின் அறைகளுக்குள் எஞ்சியிருந்த காற்றைச் சுவாசித்துக்கொண்டு, ஒரு நாளுக்கும் மேலாக இருளில் காத்திருந்தவர்கள். நால்வர் சடலமாக மீட்கப்பட்டனர். எழுவர் மீளவே இல்லை. அப்படகு 2022இல் கட்டப்பட்டது. பயணத்துக்குத் தகுதியானது என்ற சான்றிதழும் பெற்றிருந்தது. கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்ற அறிவிப்பு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது.

இவற்றின் பின், 2025இல் பிரித்தானிய அரசின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு, செங்கடல் தங்குபடகுகளைத் தேர்வோர் மிகுந்த எச்சரிக்கையோடு தேர வேண்டும் என்று அறிவித்தது. சில படகுகள் முறையாகக் கட்டப்படாதவை என்றும் அது குறித்தது.

அவ்வாறாயின் சான்றிதழ் வீண்தானா என்று நீங்கள் கேட்கலாம். வீண் அன்று. சான்றிதழ் இல்லாத படகில் காலே வைக்கலாகாது. ஆனால் தேர்வில் முப்பத்தைந்து மதிப்பெண் பெற்றவனும் தேறினான், தொண்ணூறு பெற்றவனும் தேறினான் என்றே பட்டியல் சொல்லும். மேலும், சோதனை நடந்த நாளில் படகு எப்படி இருந்தது என்பதைச் சான்றிதழ் சொல்லும். நீங்கள் உறங்கும் இரவில் ஒருவர் விழித்திருப்பாரா என்பதை அது சொல்லாது. அதை நீங்களேதான் கேட்டறிய வேண்டும்.

ஆகவே பணம் செலுத்துமுன் சில வினாக்களை எழுத்தில் கேளுங்கள். பயணிகள் உறங்கும் அறைகளிலிருந்து வெளியேறும் இரு வழிகளும் வெவ்வேறு இடங்களில் திறக்கின்றனவா? அவற்றுள் ஒன்றேனும் திறந்த வெளிக்குச் செல்கின்றதா? இரவு முழுதும் விழித்திருப்பவர் யார். அவருக்கு அதுவே வேலையா, அன்றிப் பகலிலும் உழைத்துக் களைத்தவரா? புகை உணர்கருவிகள் எல்லா அறைகளிலும் உள்ளனவா; ஒன்று ஒலித்தால் மற்றவையும் ஒலிக்குமா? மின்கலங்களுக்கு எங்கே மின்னேற்றம் செய்கின்றனர்? படகைக் கட்டியபின் மாற்றியமைத்ததுண்டா? உயிர்காப்புத் தெப்பங்கள் படகிலுள்ள அனைவருக்கும் போதுமா? காலநிலை கெட்டால் பயணத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்குண்டு. நிறுத்தினால் பணம் திரும்புமா? இந்தக் கடைசி வினா சிறியதன்று. நிறுத்தினால் நட்டம் என்றால், புயலிலும் புறப்படத் தூண்டும் கை ஒன்று எப்போதும் இருக்கும்.

விடை வரும் விதமே பாதி விடையாகும். இடங்களைப் படம் வரைந்து காட்டி, எண்களோடு விடையளிப்பவர் தம் படகை அறிந்தவர். கவலை வேண்டாம், எல்லாம் சரியாய் இருக்கும் என்று மட்டும் எழுதுபவரை நம்பிப் பணம் அனுப்பவேண்டாம்.

படகில் ஏறியதும் முதல் ஒரு மணி நேரத்தை, படம் எடுப்பதில் செலவிடாமல், கற்பதில் செலவிடுங்கள். உங்கள் படுக்கையிலிருந்து வெளிவாயில் வரை எத்தனை அடி, எத்தனை படி என்று எண்ணுங்கள். கண்ணை மூடிக்கொண்டு சுவரைத் தடவியவாறு ஒருமுறை நடந்து பாருங்கள். புகை சூழ்ந்தபோது விழித்த கண்ணும் மூடிய கண்ணும் ஒன்றே. இரண்டாம் வழியையும் திறந்து பாருங்கள். அதன்மேல் பெட்டிகளை அடுக்கியிருந்தால் அகற்றச் சொல்லுங்கள். மிதவைச் சட்டை எங்குளது என்று பாருங்கள். கைவிளக்கைத் தலையணை அருகே வையுங்கள். உறங்கும் அறையில் மின்கலத்துக்கு மின்னேற்றம் செய்யாதீர்கள். புறப்படுமுன் பாதுகாப்பு விளக்கமும் ஒத்திகையும் நடந்தனவா, அவை உங்களுக்கு விளங்கும் மொழியில் இருந்தனவா என்பதைக் கவனியுங்கள். நடக்கவில்லை எனில் நடத்தச் சொல்லுங்கள். தப்ப வழியில்லாத அறை கிடைத்தால் வேறு அறை கேளுங்கள். அதுவும் இல்லையெனில், கரையை விட்டுப் படகு நீங்குமுன் இறங்கிவிடுவது, செலுத்திய பணம் போனாலும், இழப்பாகாது.

அறை வசதி, உணவு, கட்டணம் ஆகியவற்றை இவற்றுக்குப் பின் ஆராயலாம். கடல்நோய் உள்ளவர் படகின் நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்தில் அறை கேட்பது வழக்கம். அங்கே ஆட்டம் குறைவு. ஆனால் தாழ்ந்த தளத்து அறைக்குத் தப்பும் வழியை இருமடங்கு கவனமாகப் பார்க்கவேண்டும். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை மூழ்குவோர் என்பதைக் கேளுங்கள். எண்ணிக்கை குறையக் குறைய நன்று. பவளத்தின்மீது நங்கூரம் எறியும் படகைத் தவிர்த்திடுங்கள். பல ஆண்டுகள் வளர்ந்த பவளத்தை ஒரு நங்கூரம் ஒரு நொடியில் நொறுக்கிவிடும். ஹுர்கடாச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சங்கம் 1992இல் தோன்றி, படகுகளைக் கட்டுவதற்கென நிலையான மிதவைகளைச் செங்கடலில் அமைத்தது. அவற்றைப் பயன்படுத்தும் படகே நல்ல படகு.

உங்களில் சிலர் ஒருநாள் செங்கடலுக்கோ மாலத்தீவுக்கோ செல்லலாம். பலர் செல்லாமலே இருக்கலாம். செல்லாதவர்க்கும் இதில் கற்க வேண்டுவது உண்டு. குழுவோடு செல்லும்போது, எல்லோரும் மகிழ்ந்து பேசிக்கொண்டிருக்கையில், இந்தக் கதவு எங்கே திறக்கின்றது என்று கேட்க இளைஞர்க்கு நாணம் வரும். வகுப்பில் ஐயம் கேட்பவனை அனைவரும் திரும்பிப் பார்ப்பதுபோல், அங்கும் திரும்பிப் பார்ப்பர், சிலர் நகைப்பர். அந்நகைப்பைப் பொறுத்துக்கொள்ளுதல் ஓர் ஆற்றல். அதைப் பள்ளிப் பருவத்திலேயே பழகிக்கொள்ள வேண்டும். கன்செப்ஷன் படகில் உறங்கியவர்கள் அறிவற்றவர்கள் அல்லர். கடலை நேசித்தவர்கள், பயிற்சி பெற்றவர்கள். தம் கருவிகள் ஒவ்வொன்றையும் இருமுறை சோதித்த பின்னரே நீரில் இறங்கும் வழக்கமுடையவர்கள். தலைக்குமேல் இருந்த இரு வழிகளும் எங்கே போய் முடிகின்றன என்ற வினா மட்டும் காலத்தில் விடை காணாது நின்றுவிட்டது.

நாளை நீங்கள் ஒரு படகுக்கோ, பேருந்துக்கோ, மாணவர் விடுதிக்கோ பொறுப்பேற்கக்கூடும். அப்போது வாயில்களை எண்ணுவதோடு நில்லாமல், ஒவ்வொன்றின் வழியாகவும் கடைசி வரை நடந்து பாருங்கள். பின்னர் விளக்கை அணைத்துவிட்டு மீண்டும் ஒருமுறை நடந்து பாருங்கள்.